யாக்கோபு: ஒரு பெயரின் பூர்வீகம்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் நினைவுகளை எழுத நிறையப் பேர் இருக்காங்க சார், நீங்க சரித்திரம் எழுதுங்க" என்றார்கள். சரித்திர வாத்தியார் சரித்திரம் எழுதுவதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் இந்த முறை ராஜாக்களையும் யுத்தங்களையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு பெயரின் சரித்திரத்தை மட்டும் எழுதலாம் என்று உத்தேசித்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான். தன் தகப்பனார் பெயரான ஜேக்கப் என்பதையே குழந்தைக்கு வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மருமகளோ கடையில் வாங்கிய 'குழந்தைப் பெயர்கள்' புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அதில் ஜேக்கப் என்ற பெயருக்கு நேரே 'ஏமாற்றுக்காரன்' என்று அச்சடித்திருந்ததாம். வீட்டில் பெரிய வாக்குவாதம். "சார், எங்கப்பா ஆயுசுல ஒருத்தரையும் ஒரு பைசா ஏமாத்தினதில்லை. அவர் பேருக்கு இப்படி ஒரு அர்த்தமா?" என்று கேட்டார். குரல் கம்மியிருந்தது. புத்தகத்தில் போட்டிருப்பது பாதி உண்மை, அதிலும் பிந்திய பாதி என்று சுருக்கமாகச் சொல்லி, பெயரை தைரியமாக வைக்கச் சொன்னேன். போனில் ஐந்து நிமிஷத்தில் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எபிரேய மொழியில் இந்தப் பெயரை 'யஅகோவ்' என்று உச்சரிக்க வேண்டும். நடுவில் இருக்கும் 'அயின்' என்ற எழுத்து தொண்டையின் அடியிலிருந்து வருவது. நம் தமிழில் அதற்கு எழுத்துக் கிடையாது. அரபு தெரிந்த நண்பர்களுக்கு உடனே புரியும். எபிரேயம், அரபு, அரமேயம், எத்தியோப்பியாவின் கீஸ் ஆகிய செமித்திய மொழிகள் எல்லாவற்றிலும் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. யஅகோவ் என்ற பெயரின் வேர் 'அ-க்-ப்'. இதே வேரிலிருந்து எபிரேயத்தில் 'அகேவ்' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு அர்த்தம் குதிகால்.

குதிகால் கதை பைபிள் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ரெபெக்காளுக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலில் பிறந்தவன் ஏசா. அடுத்தவன் பிறக்கும்போதே அண்ணனுடைய குதிகாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான், ஆகையால் அவனுக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஆதியாகமம் 25ஆம் அதிகாரம் காரணம் சொல்கிறது. இங்கே ஏமாற்று எதுவும் இல்லை. வெறும் குழந்தை, அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வம்பு இரண்டு அதிகாரங்கள் கழித்து வருகிறது. ஒரு கூழுக்காகத் தன் மூத்த பிள்ளை உரிமையை ஏற்கெனவே விற்றுவிட்டவன் ஏசா. இப்போது கண் மங்கிப்போன தகப்பன் ஈசாக்கு மூத்த மகனுக்கு ஆசீர்வாதம் கொடுக்கத் தயாராக இருக்கிறார். ஏசாவுக்கு உடம்பெல்லாம் ரோமம். தம்பிக்கு வழுவழுப்பான தோல். அம்மா ரெபெக்காள் வெள்ளாட்டுக் குட்டிகளின் தோலை இளைய மகனின் கைகளிலும் கழுத்திலும் போர்த்தி உள்ளே அனுப்புகிறாள். குருட்டுத் தகப்பன் தடவிப் பார்த்து ஏமாந்து, ஆசீர்வாதத்தை மாற்றிக் கொடுத்துவிடுகிறார். வேட்டையிலிருந்து திரும்பி வந்த ஏசா விஷயம் தெரிந்ததும் அலறி அழுகிறான். அந்த அழுகையின் நடுவில்தான், தம்பிக்குப் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், இரண்டு தடவை என் காலை வாரிவிட்டானே என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறான். குதிகால் என்ற அதே வேரிலிருந்து 'குதிகாலைப் பிடித்துக் கவிழ்ப்பது, பின்னாலிருந்து தட்டிப் பறிப்பது' என்ற வினைச்சொல்லும் எபிரேயத்தில் உண்டு. ஏசா அதை வைத்துச் சிலேடை செய்கிறான். நாமும் 'காலை வாரிவிட்டான்' என்கிறோம் பாருங்கள், கிட்டத்தட்ட அதே கற்பனைதான்.

ஆக, பெயர்ப் புத்தகம் போடும் அர்த்தம் பெற்றோர் வைத்த அர்த்தம் இல்லை. வஞ்சிக்கப்பட்ட ஓர் அண்ணன் ஆத்திரத்தில் சொன்ன அர்த்தம். ஏசாவின் கோபம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதற்காகச் சண்டையில் எதிராளி சொன்னதை எடுத்துப் பெயருக்குப் பொருள் என்று அகராதியில் போடலாமா?

இனி, குதிகால் கதைக்கும் முந்திய சங்கதிக்கு வருவோம். தொல்பொருள் ஆராய்ச்சி வளர்ந்த பிறகு ஒரு உண்மை தெரியவந்தது. இந்தப் பெயர் பைபிளுக்கு மட்டுமே சொந்தமானது அல்ல. அந்தக் காலத்து மேற்காசியாவில் சாதாரணமாகப் புழங்கிய பெயர். மெசபொத்தேமியாவில் கிடைத்த கி.மு. 18ஆம் நூற்றாண்டை ஒட்டிய களிமண் பலகைகளில் 'யக்கூப்-எல்' என்பது போன்ற ஆள் பெயர்கள் இருக்கின்றன. எகிப்து மன்னர் மூன்றாம் துத்மோஸ், தாம் வென்ற கானான் தேசத்து ஊர்களின் பட்டியலைக் கர்னாக் கோயில் சுவரில் வெட்டிவைத்தார். காலம் கி.மு. 15ஆம் நூற்றாண்டு. அதிலே 'யாக்கோப்-எல்' என்று படிக்கத்தக்க ஓர் ஊர்ப் பெயர் வருகிறது. எகிப்தில் ஆட்சி செய்த ஆசிய வம்ச அரசர்களோடு சேர்த்துப் பேசப்படும் 'யாகூப்-ஹர்' என்ற ஒருவரின் பெயர் பொறித்த, வண்டு வடிவ முத்திரைகள் பல கிடைத்திருக்கின்றன. ஒன்று இன்றைய இஸ்ரேலில் ஹைஃபா அருகே ஷிக்மோனாவில் அகப்பட்டது. இவர்தான் பைபிள் யாக்கோபு என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பெயர் ஒன்று, ஆள் வேறு. நம் ஊரில் ஆயிரம் முருகன் இல்லையா?

இந்தப் பழைய பெயர்களில் 'எல்' என்ற ஒட்டைக் கவனியுங்கள். எல் என்றால் கடவுள். சாமுவேல், தானியேல், மிகாவேல், கபிரியேல் எல்லாவற்றின் வாலும் அதுதான். யாக்கோப்-எல் என்றால் கடவுள் ஏதோ ஒன்றைச் செய்கிறார், அல்லது செய்யட்டும் என்று வாக்கியம் முடிய வேண்டும். கடவுள் ஏமாற்றட்டும் என்று எந்தப் பெற்றோராவது பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா? அப்படியானால் அந்த வினைக்கு அர்த்தம் என்ன?

விடை எத்தியோப்பியப் பக்கமிருந்து வருகிறது. கீஸ் மொழியில் இதே வேர் 'காத்தல், காவல் இருத்தல்' என்ற பொருளில் புழங்குகிறது. அது இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. எத்தியோப்பியாவில் அரசாங்க வழக்கறிஞரை 'அக்காபே ஹெக்' என்பார்கள், அதாவது சட்டத்தின் காவலர். தென் அரேபியாவின் பழைய கல்வெட்டுகளிலும் இந்த வேருக்குக் காவல் என்ற பொருள் உண்டு. எனவே யாக்கோப்-எல் என்றால் 'கடவுள் காப்பாராக' என்பதே பெரும்பாலான மொழியறிஞர்களின் முடிவு. நாளடைவில் வாலிலிருந்த 'எல்' உதிர்ந்து, 'காப்பாராக' என்ற தலை மட்டும் நின்றது. முழு நீளப் பெயர் வீட்டு வாசல் தாண்டுவதற்குள் பாதியாகக் குறைவது நம்மிடமும் தினம் நடப்பதுதானே.

குதிகாலுக்கும் காவலுக்கும் என்ன சம்பந்தம்? பின்னாலேயே வருவது, பின்தொடர்ந்து நிற்பது என்ற கருத்து இரண்டுக்கும் பொதுவாக இருந்திருக்கலாம். அரபியிலும் 'அகிப்' என்றால் குதிகால், 'ஆகிபத்' என்றால் பின்விளைவு. ஜோர்டானிலுள்ள அகாபா துறைமுகத்தின் பெயரும் இந்த வேர்தான், அங்கே மலை ஏற்றத்தைக் குறிக்கிறது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்தவர்களுக்கு அகாபா நினைவிருக்கும்.

மொழியறிஞர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், ஆகவே ஏசாவின் சிலேடையை மறந்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சிலேடையை யூத மக்களே மறக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். யாக்கோபு அவர்களுடைய மூதாதை. பன்னிரண்டு கோத்திரங்களுக்கும் தகப்பன். எந்த ஜனமும் தன் மூதாதையின் குறையை மூடி மறைக்கும். இவர்கள் எழுதிவைத்தார்கள். அதுமட்டுமா, ஏமாற்றியவன் ஏமாந்த கதையையும் வரிசையாக வைத்தார்கள். ராகேலுக்காக ஏழு வருஷம் மாமன் லாபானிடம் ஆடு மேய்த்தவருக்கு, இருட்டில் முக்காடு போட்டு அக்கா லேயாளைக் கட்டிவைத்துவிட்டார் மாமனார். பிற்பாடு சொந்தப் பிள்ளைகளே தம்பி யோசேப்பை விற்றுவிட்டு, அவனுடைய அங்கியை வெள்ளாட்டு ரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டினார்கள். வெள்ளாட்டுத் தோலால் தகப்பனை ஏமாற்றியவர் வெள்ளாட்டு ரத்தத்தால் பிள்ளைகளிடம் ஏமாந்தார். மூல நூல் இதை ஒப்பிட்டுக் காட்டி உபதேசம் செய்வதில்லை, படிக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.

தீர்க்கதரிசிகள் காலத்திலும் இந்த வேர் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சகோதரனையும் நம்ப முடியாத காலம் வந்துவிட்டது என்று எரேமியா புலம்பும் இடத்தில், சகோதரர்கள் செய்யும் வஞ்சகத்துக்கு இதே வினையைத்தான் இரட்டித்துப் போடுகிறார். எபிரேயத்தில் வாசித்தால் காதில் யாக்கோபு என்றே விழும். ஓசியாவும் கருப்பையில் அண்ணன் காலைப் பிடித்ததை ஞாபகப்படுத்துகிறார். ஏசாயா புத்தகத்தில் வேறு மாதிரி. கோணலானவை நேராகும் என்ற கருத்து வரும் 40ஆம் அதிகாரத்தில், கோணலுக்கு அவர் போட்டிருக்கும் சொல் இந்த வேரிலிருந்து வந்தது. நான்கு அதிகாரம் தள்ளி யாக்கோபை 'யெஷுரூன்' என்று செல்லமாக அழைக்கிறார். 'யாஷார்' என்றால் நேர். கோணலனுக்கு நேரானவன் என்று மறுபெயர்! தமிழ் பைபிளிலும் யெஷுரூன் என்று அப்படியே இருக்கிறது. பொருள் தெரியாததால் நாம் தாண்டிப் போய்விடுகிறோம்.

மறுபெயர் என்றதும் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இருபது வருஷம் கழித்து ஊர் திரும்பும் யாக்கோபு, மறுநாள் ஏசாவைச் சந்திக்க வேண்டும். அண்ணன் நானூறு பேருடன் வருகிறான் என்று செய்தி. பயத்தில் குடும்பத்தை முன்னே அனுப்பிவிட்டு, யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு தனியே இருக்கிறார். இன்றைக்கு ஜோர்டானில் ஸர்க்கா என்று ஓடும் ஆறு அது. விடியும்வரை ஒருவர் அவரோடு மல்லுக்கட்டுகிறார். எபிரேயத்தில் ஆற்றின் பெயர் யப்போக், மல்லுக்கட்டினார் என்பதற்குச் சொல் யேஆவேக், ஆள் பெயர் யஅகோவ். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று மோதுகின்றன. மொழிபெயர்ப்பில் இந்த ஓசை போச்சு, ஒன்றும் செய்வதற்கில்லை. விடியற்காலையில் அந்த ஆள் கேட்கிறார், உன் பெயர் என்ன என்று. கண் தெரியாத தகப்பன் முன்பு நின்றபோது இவர் ஏசா என்று பொய் சொன்னவர். இப்போது தன் சொந்தப் பெயரைச் சொல்கிறார். அதற்குப் பிறகே இஸ்ரவேல் என்ற புதுப் பெயர் கிடைக்கிறது. தொடைச் சந்து சுளுக்கி, நொண்டிக்கொண்டேதான் ஆற்றைத் தாண்டுகிறார். மறுநாள் ஏசா ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறான். அண்ணன்தான் பெரிய மனசுக்காரன் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இங்கே ஒரு விநோதம். ஆபிராம் என்றிருந்தவர் ஆபிரகாம் ஆன பின் அவர் கதையில் பழைய பெயர் திரும்ப வருவதே இல்லை. யாக்கோபுக்கு அப்படி இல்லை. இஸ்ரவேல் என்று பெயர் மாற்றிய பிறகும் ஆதியாகமம் அவரை யாக்கோபு என்றே அடிக்கடி சொல்கிறது. கிழவயதில் எகிப்துக்குப் புறப்படும் இரவில் கடவுளே அவரைப் பழைய பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிடுகிறார். யூத குருமார்களும் தல்மூதில் இதை எடுத்து விவாதித்திருக்கிறார்கள். ஆபிரகாமை ஆபிராம் என்று கூப்பிடக்கூடாது, யாக்கோபை யாக்கோபு என்று கூப்பிடலாம், வேதமே அப்படிக் கூப்பிடுகிறது என்பது அவர்கள் வாதம். கி.பி. 135ஐ ஒட்டி ரோமர்களால் சித்திரவதை செய்து கொல்லப்பட்ட மகா குரு அகிவாவின் பெயரும் இதே வேரின் அரமேய வடிவம்தான்.

அந்தப் புதுப் பெயருக்கு நேர்ந்த கதியையும் சொல்லிவிட வேண்டும். 1938 ஆகஸ்ட் 17 அன்று ஹிட்லரின் அரசாங்கம் ஒரு ஆணை போட்டது. யூதப் பெயர் என்று அரசு ஒப்புக்கொண்ட பட்டியலில் இல்லாத பெயருடைய யூத ஆண்கள் எல்லாரும் தங்கள் பெயரோடு 'இஸ்ரவேல்' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும், பெண்கள் 'சாரா' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். 1939 ஜனவரி 1 முதல் அமல். ஆற்றங்கரையில் ஆசீர்வாதமாகக் கிடைத்த பெயரை, ஆளை அடையாளம் கண்டு பிடிப்பதற்கான முத்திரையாக ஆக்கினார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று லேசாகக் கேட்பவர்கள் இந்த ஆணையை ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரபு உலகில் இந்தப் பெயர் யாகூப். குர்ஆனில் அவர் ஒரு நபி. யூசுப் என்ற அத்தியாயத்தில் மகனை இழந்து அழுது அழுதே அவருக்குக் கண் வெளுத்துப் பார்வை போகிறது. பின்னர் யூசுப் எகிப்திலிருந்து அனுப்பிய சட்டையை முகத்தில் போட்டதும் பார்வை திரும்புகிறது. பைபிளில் ரத்தம் தோய்ந்த அங்கி அவரை ஏமாற்றியது. குர்ஆனில் அந்த ரத்தச் சட்டையும் வருகிறது, கண்ணைத் திறக்கும் சட்டையும் வருகிறது. இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தனி அனுபவம்.

மேற்கே போன கதைதான் சிக்கலானது. கிரேக்கர்கள் 'இயாக்கோப்' என்றார்கள். புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் பழைய மூதாதையைக் குறிக்கும்போது அப்படியே வைத்துக்கொண்டு, தங்கள் காலத்து ஆட்களுக்கு மட்டும் கிரேக்க வால் சேர்த்து 'இயாக்கோபோஸ்' என்று எழுதினார்கள். லத்தீனில் இயாக்கோபுஸ். பேச்சு வழக்கில் அது இயாக்கோமுஸ் ஆயிற்று. ப, ம இரண்டும் உதடு ஒட்டிப் பிறப்பவை என்று நம் தமிழ் ஐயா இலக்கண வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இங்கே உதவும். மகர வடிவத்திலிருந்து இத்தாலியில் ஜியாக்கோமோ, ஸ்பெயினில் ஹைமே, பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தில் ஜேம்ஸ். பகர வடிவத்திலிருந்து பிரான்சில் ஜாக், ரஷ்யாவில் யாக்கொவ். ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் ஷேமஸ், அதையே விளியில் கூப்பிட்டால் ஹேமிஷ். கூப்பிடும் வடிவத்தையே தனிப் பெயர் என்று எண்ணி ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஸ்பெயினில் 'இயாகோ' என்று தேய்ந்தது. அதற்கு முன்னால் புனிதர் என்பதற்கான 'சான்ட்' சேர்ந்து சாண்டியாகோ. செபெதேயுவின் மகனான அப்போஸ்தலர் யாக்கோபின் கல்லறை தங்கள் நாட்டில் உள்ளது என்று அவர்கள் நம்பும் ஊர் சாண்டியாகோ தெ கொம்போஸ்தெலா. 1541இல் சிலி நாட்டில் ஸ்தாபித்த தலைநகரத்துக்கும் அதே பெயர். போர்த்துக்கீசியர் அதைத் தப்பாகப் பிரித்து 'தியாகோ' என்று ஒரு பெயரை உண்டாக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் நம் கடற்கரைக்கு வந்தபோது சாண்டியாகோ நம் வாயில் சந்தியாகு ஆனார். மரியாதை சேர்த்துச் சந்தியாகப்பர். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் வேர்க்காட்டில் அவருக்கு ஆலயம் இருக்கிறது. அவருடைய திருநாள் ஜூலை 25. கடல் தாண்டி யாழ்ப்பாணம் குருநகரில் அதே புனிதருக்கு யாகப்பர் என்று பெயர். 'புனித சந்தியாகப்பர்' என்று நாம் எழுதும்போது புனிதர் இரண்டு தடவை வந்துவிடுகிறார் என்பதைச் சும்மா சொல்லிவைக்கிறேன், யாரும் கோயில் போர்டை மாற்ற வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் சாக்கோ என்பதும் யாக்கோபுதான்.

நம் கல்லூரியில் எந்த வருஷத்து அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரை எடுத்தாலும் ஒரு ஜேக்கப், ஒரு ஜேம்ஸ், ஒரு யாகூப், ஒரு சந்தியாகு அகப்படலாம். நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலும் நாலு பேருக்கும் ஒரே பெயர் என்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அரசியலிலும் இந்தப் பெயர் புகுந்து விளையாடியிருக்கிறது. 1688இல் நாட்டை விட்டு ஓடிய இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸின் ஆதரவாளர்கள் ஜாக்கோபைட்டுகள். பிரெஞ்சுப் புரட்சியின் ஜாக்கோபின்கள், தாங்கள் கூடிய டொமினிக்கன் மடத்தின் பெயரால் அப்படி அழைக்கப்பட்டார்கள். அந்தத் துறவிகளின் முதல் மடம் பாரிஸில் சான் ஜாக் தெருவில் இருந்ததே காரணம். ஒருவர் ராஜாவுக்காகச் சண்டை போட்டவர், மற்றவர் ராஜாவின் தலையை வாங்கியவர். பரீட்சையில் இந்த இரண்டையும் குழப்பி எழுதி மார்க் இழந்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் இருக்கக்கூடும். மூன்றாவதாகக் கேரளத்து யாக்கோபாயர். இவர்களுடைய பெயர் 6ஆம் நூற்றாண்டில் சிரியா நாட்டுத் திருச்சபையை அரசாங்கத்தின் அடக்குமுறையிலிருந்து காப்பாற்றிய ஆயர் யாக்கோபு புர்தானாவிடமிருந்து வந்தது. புர்தானா என்றால் முரட்டுத் துணி உடுத்தியவர் என்று கொள்ளலாம். பேரரசரின் சிப்பாய்களிடம் அகப்படாமல் இருக்கப் பிச்சைக்காரர் வேஷத்தில் கந்தல் போர்த்தித் திரிந்தார். கி.பி. 578இல் மறைந்தார். ஆட்டுத்தோல் போர்த்திய ஆதி யாக்கோபின் பெயரை உடைய ஒருவர் கந்தல் போர்த்தித் தப்பியது எனக்கு ரொம்பவும் பிடித்த தற்செயல்.

இத்தனையிலும் எனக்குக் கொஞ்சம் மனக்குறை தருவது ஆங்கில பைபிள்தான். அங்கே பழைய ஏற்பாட்டில் ஜேக்கப், புதிய ஏற்பாட்டு ஆட்களுக்கு ஜேம்ஸ். மூலத்தில் ஒரே பெயர். ஜேம்ஸ் மன்னர் தம் பெயரை நுழைத்துவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. அவர் பெயரால் வழங்கும் பைபிள் 1611இல் வந்தது. அதற்கு இருநூறு வருஷத்துக்கும் முன்பே விக்லிஃப் பைபிளில் ஜேம்ஸ் வந்துவிட்டது. 1526இல் டிண்டேலும் அப்படியே எழுதினார். ஆனால் விளைவு என்ன? ஜேம்ஸ் என்றதும் ஒரு வெள்ளைக்காரர் முகம் வருகிறது. எருசலேம் சபையின் தலைவராயிருந்து கி.பி. 62இல் கல்லெறிந்து கொல்லப்பட்ட, இயேசுவின் சகோதரர் என்று யூத சரித்திர ஆசிரியர் ஜோசிபஸ் குறிப்பிடும் மனிதர், இஸ்ரவேலின் மூதாதை பெயரைச் சுமந்த அசல் யூதர் என்பது மறைந்துபோகிறது.

தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் அப்படிப் பிரிக்கவில்லை. ஆதியாகமத்திலும் யாக்கோபு, அப்போஸ்தலரும் யாக்கோபு, நிருபம் எழுதினவரும் யாக்கோபு. மாணவர்கள் நம் லைப்ரரியில் ஆங்கில பைபிளையும் தமிழ் பைபிளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தேயு சுவிசேஷத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதல் அதிகாரத்தின் வம்ச அட்டவணையில், 16ஆம் வசனத்தில், மரியாளின் கணவர் யோசேப்பின் தகப்பனார் பெயர் யாக்கோபு. 13ஆம் அதிகாரம் 55ஆம் வசனத்தில் இயேசுவின் சகோதரர் பட்டியலில் முதல் பெயரும் யாக்கோபு. லூக்கா தரும் அட்டவணை வேறு. 'சகோதரர்' என்பதற்குக் கத்தோலிக்கர் உறவுமுறைச் சகோதரர் என்று பொருள் கொள்கிறார்கள். அந்த விவாதங்களை வேதசாஸ்திரிகளிடம் விட்டுவிடுகிறேன். மத்தேயு எழுதியிருப்பதை, சகோதரர் என்பதை நேர்ப் பொருளில் எடுத்துக்கொண்டு படித்தால், நாசரேத்தில் அந்தத் தச்சர் வீட்டில் தாத்தா பெயரைத் தலைப்பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். அக்கால யூதக் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இருந்தது. நம்முடைய பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வந்தது. ஆங்கில பைபிளில் தாத்தா ஜேக்கப், பேரன் ஜேம்ஸ். அதை மட்டுமே படிப்பவர் கண்ணில் இது படாது.